நோட்டில் எழுதாத மூன்று சுற்றுகள்

அன்றைக்கு அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். டாக்டர் வசந்தா மேடம், அறைக்குப் பொறுப்பான விஞ்ஞானி. பர்வீன், அவரிடம் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த இளையான்குடிப் பெண். சாத்தையா, புதுவயலில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நான், ஆறுமுகம், அந்த அறையின் உதவியாளர். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர். லாரி டிரைவர் போஸ். உள்ளே வராதவர்களின் பெயரை நோட்டில் எழுதும் வழக்கம் இல்லை. அதனால் எழுதவில்லை.

இப்படி ஆள்கணக்கு வைத்துத் தொடங்கினால் போலீஸ் ஸ்டேஷன் எழுத்துபோலத்தான் இருக்கும். எங்கள் அறையில் அது தினப்படி வேலை. ஒரு மனிதன் மூச்சு விட்டால் ஈரம். நான்கு பேர் மூச்சு விட்டால் நான்கு பங்கு ஈரம். அந்த மெஷினுக்கு ஈரம் ஆகாது. ஆகவே யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதிவைக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது என் இடத்தில் இருக்கும் செல்வராணி போன வாரம் போன் செய்தார். "அண்ணே, கண்ணாடி அலமாரியில உங்க கையெழுத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. ஆயுத பூஜை அன்னைக்கு இந்த அலமாரியைத் திறக்கவே கூடாதுன்னு. எதுக்குண்ணே? சாமி குத்தம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே படபடப்பு வந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான்.

எங்களுக்குப் பூர்வீகத் தொழில் நகை வேலை. காரைக்குடியில் அப்பாவின் பட்டறையில் பதினான்கு வயதில் உட்கார்ந்தவன், இருபது வருடம் தோடும் மூக்குத்தியும் செய்தேன். பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலி உதவியாளர் வேலை கிடைத்தது. சில வருடம் கண்ணாடிப் புட்டி கழுவினேன், சிலிண்டர் உருட்டினேன். ஒரு நாள் வராண்டாவில் ஒரு பெண் விஞ்ஞானி தரையில் முழங்காலிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். விரல் நகத்தளவு சதுரம் ஒன்று கைதவறிப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருந்தது. என் சட்டைப் பையில் பட்டறை இடுக்கி எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சதுரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்லையே. உங்க பேர் என்ன?" என்றார். அடுத்த மாதமே அவர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர்தான் வசந்தா மேடம்.

அந்தச் சதுரத்தை அவர்கள் சிப் என்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன்மேல் ஆயிரக்கணக்கில் தங்க வளையங்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சின்ன வெட்டு. வாய் மூடாத தோடு மாதிரி. இப்படி அச்சிட்ட பரப்புக்கு மெட்டா சர்ஃபேஸ் என்று பெயர். முதல் நாளே நான் கேட்ட கேள்வியைப் பர்வீன் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். "மேடம், இதுல எவ்வளவு பவுன் இருக்கும்?" மேடம் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க செஞ்ச மூக்குத்தித் திருகாணியில ஒட்டியிருக்கிற அழுக்குல இதைவிட அதிகத் தங்கம் இருக்கும், ஆறுமுகம்" என்றார்.

அந்த வளையங்களின்மேல் ஒருவகை வெளிச்சத்தை விடுவார்கள். டெராஹெர்ட்ஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஓடுவதற்கும் டிவி ரிமோட்டிலிருந்து வருவதற்கும் நடுவில் இருக்கிற வெளிச்சம் என்று எனக்குச் சொன்னார்கள். அது சிப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்போது கம்ப்யூட்டரில் ஒரு கோடு வரும். கோட்டில் ஓரிடத்தில் பள்ளம் விழும். வளையத்தின்மேல் எதுவும் இல்லையென்றால் பள்ளம் தன் இடத்தில் இருக்கும். மருந்தோ, சர்க்கரையோ, வேறு எதுவோ ஒட்டியிருந்தால் பள்ளம் இடது பக்கம் நகரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு நகரும். எங்கள் அறையின் மொத்த வேலையும் அந்தப் பள்ளம் நகர்ந்ததா, நகரவில்லையா என்பதுதான்.

தண்ணீர் அந்த வெளிச்சத்தைக் குடித்துவிடும். அதனால் மெஷினை ஒரு பெட்டிக்குள் வைத்து, உள்ளே காய்ந்த நைட்ரஜன் வாயுவை விட வேண்டும். காலை எட்டு மணிக்குச் சிலிண்டர் முள்ளைப் பார்ப்பேன். வால்வைக் கால் சுற்றுத் திறப்பேன். 'ஸ்ஸ்' என்ற சத்தம் சீராக வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பேன். ஈரம் காட்டும் மீட்டர் இரண்டுக்குக் கீழே இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை பெட்டி மூடியை யாரும் தொடக் கூடாது. பிறகு சிப்பை அதன் இடது கீழ் மூலையில், தங்கம் இல்லாத இடத்தில் மட்டும் இடுக்கியால் பிடித்து உள்ளே வைக்க வேண்டும். மூட வேண்டும். மறுபடி காத்திருப்பு. பர்வீன் கம்ப்யூட்டரைத் தட்டுவார். கோடு இறங்கும். ஒரு சிப்புக்கு ஒரு மணி நேரம். பன்னிரண்டு சிப் கொண்ட தட்டு ஒன்றை முடிக்க இரண்டு நாள்.

மேடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியவர் இல்லை. அதுதான் எனக்குப் பயம். திட்டுகிறவர்களிடம் திட்டு வாங்கினால் கதை முடிந்தது. இவரிடம் முடியாது. ஐப்பசி மாதம் ஒரு நாள் நனைந்த குடையோடு உள்ளே வந்து மூலையில் சாத்திவிட்டேன். மீட்டர் ஏறிக்கொண்டே போனது. காலை முழுவதும் எடுத்த கணக்கு வீண். மேடம் பெட்டியைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். என்னிடம் ஒரே கேள்வி: "குடை நோட்டுல இருக்கா?"

இல்லை. எழுதினேன். 'நனைந்த குடை ஒன்று, மூலையில்.' அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கவேயில்லை. அன்று சோறு இறங்கவில்லை எனக்கு.

அதிலிருந்து எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் ஃபேன் ஓடியது. நான் இரண்டு தடவை தும்மினேன். பர்வீன் தலைக்குக் குளித்து ஈர முடியோடு வந்தார். அதைப் படித்துவிட்டு அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றது. "ஏம்ணே, நான் தலைக்குக் குளிச்சதெல்லாம் இப்ப ஆராய்ச்சிப் புத்தகத்துல வரணுமா? நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்க வாரவுக இதை வாசிச்சா என்ன நினைப்பாக?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை குளிக்கிற பொண்ணுன்னு நினைப்பாக."

"போங்கண்ணே!"

என் சுபாவம் அப்படி. வேலை முடிந்து டிவிஎஸ் வண்டியில் பாதி வழி, செக்காலை வரை வந்துவிடுவேன். வால்வை மூடினேனா என்று தோன்றும். திரும்பிப் போவேன். மூடித்தான் இருக்கும். மறுபடி செக்காலை வந்தால், அலமாரியைப் பூட்டினேனா என்று தோன்றும். பர்வீன்தான் வழி சொல்லிக்கொடுத்தார், பூட்டைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. எடுத்தேன். பிறகு, இந்தப் போட்டோவில் இருப்பது இன்றைக்குப் பூட்டியதா, நேற்றுப் பூட்டியதா என்று பயம் வந்தது.

இப்படி எழுதி எழுதிப் பழகியவன்தான் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன்.

சாத்தையாவின் ஆலை அரிசி ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருந்தது. பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்த அடியில் மனிதர் பயந்துபோயிருந்தார். எங்கள் அறையில் அரிசியில் மருந்து மிச்சம் கண்டுபிடிக்கும் சிப்புகள் தயாராவதாகக் கேள்விப்பட்டு, தானே வந்து மாதிரி கொடுக்க ஆரம்பித்தார். மேடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார், இது ஆராய்ச்சி, சர்டிபிகேட் இல்லை என்று. "தெரியும்மா. ஆனா என் கண்ணுக்கு ஒரு விளக்கு வேணும்ல?" என்பார் சாத்தையா.

அந்த வருடம் அவருக்கு மறுபடி ஒரு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தது. ஒரு லாரி அரிசி, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தூத்துக்குடி கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் அந்தக் கம்பெனி புதுவயல் பக்கமே திரும்பாது. திங்கட்கிழமை லாரியை ஏற்றிக்கொண்டு போகிற வழியில், அதே மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அரிசியை எங்களிடம் காட்டிவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எங்கள் நிலையத்தில் ஆயுத பூஜை. சனி, ஞாயிறு விடுமுறை வருவதால் முன்னதாகவே கும்பிட்டுவிடுவார்கள். ஜெனரேட்டருக்கு, கடைசல் மெஷினுக்கு, கேண்டீன் கிரைண்டருக்கு, எல்லாவற்றுக்கும் பொட்டு. எங்கள் அறைக்கு மேடம் சட்டம் போட்டார். "சிலிண்டர் வண்டிக்கும் மேசைக் காலுக்கும் சந்தனம் வைங்க. வேற எதுக்கும் வேண்டாம். புகை இந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரக்கூடாது." நல்லது என்றேன்.

அந்த மாதம் எங்களுக்கு நேரம் சரியில்லை. இரண்டு சிப் உடைந்திருந்தது, இரண்டும் என் கையில். இருபது வருடம் தோட்டில் கல் பதித்த கை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பட்டறையில் ஒரு முறை உண்டு. உலையைவிட, சம்மட்டியைவிட, தங்கத்தைத் தொடுகிற கருவிக்குத்தான் முதலில் சாம்பிராணி காட்ட வேண்டும். அதை விட்டால் கை தடுமாறும் என்பார் அப்பா. இங்கே எது கருவி? சிலிண்டர் வண்டியா? மேசைக் காலா? தங்கமும் கருவியும் ஒன்றாக இருக்கிற அந்தச் சிப்புதானே?

புகை உள்ளே வரக்கூடாது என்றுதான் மேடம் சொன்னார். சிப் வெளியே போகக்கூடாது என்று சொல்லவில்லை. பயந்தவனுக்கு இப்படியெல்லாம் புத்தி போகும். எல்லாரும் கேண்டீன் பக்கம் சுண்டல் வாங்கப் போன நேரத்தில், அலமாரியைத் திறந்து தட்டை எடுத்தேன். வராண்டாவில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. தட்டின் மூடியைத் திறந்து, புகைக்கு மேலே மூன்று சுற்று. கண்ணை மூடிக் கும்பிட்டேன். மூடினேன், உள்ளே வைத்தேன், பூட்டினேன், பூட்டைப் போட்டோ எடுத்தேன்.

நோட்டில் எழுதினேன்: 'பூஜை. சந்தனப் பொட்டு இரண்டு. அலமாரி பூட்டியது.' மூன்று சுற்றை எழுதவில்லை.

தட்டில் இருந்தவை பதினோரு சிப். பன்னிரண்டாவது மெஷினுக்குள்ளேயே இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் சாட்சி. அதன்மேல் எதையும் விட மாட்டோம். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது. பன்னிரண்டுக்கும் வெறும் கணக்கு, அதாவது எதுவும் ஒட்டாதபோது பள்ளம் எங்கே விழுகிறது என்ற கணக்கு, பூஜைக்கு முந்தைய இரண்டு நாளில் எடுத்து முடித்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை ஏற்றின லாரி எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றது. முகப்பில் 'அய்யனார் துணை' என்று எழுதியிருந்தது. சாத்தையா ஒரு பொட்டலத்தில் அரிசி கொண்டுவந்தார். பர்வீன் அதை ஊறவைத்து வடித்து, கடுகளவுகூட இல்லாத சொட்டு ஒன்றை மூன்று சிப்பின்மேல் விட்டுக் காயவைக்க வேண்டும். நான் தட்டின் மூடியைத் திறந்தேன்.

வாசம் வந்தது. மெல்லிசாக. கோயில் உள் பிரகாரத்தில் வருமே, அப்படி.

பர்வீன் மூக்கைச் சுளித்தார். "என்ன வாசம்ணே?"

"வராண்டாவுல இருந்து வருது. வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி" என்றேன்.

அதுதான் நான் சொன்ன பொய். பாதி உண்மை இருந்ததால் வாயிலிருந்து சுலபமாக வந்துவிட்டது.

முதலில் சாட்சியைப் பார்த்தார்கள். பள்ளம் இம்மியும் நகரவில்லை. மெஷின் சரி. பிறகு சாத்தையாவின் அரிசிச் சொட்டு விட்ட மூன்றையும் ஒவ்வொன்றாக. மூன்றிலும் பள்ளம் இடது பக்கம் போயிருந்தது. அதுவும் நன்றாக.

சாத்தையாவுக்குக் கோடு புரியாது. மேடம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா சொல்லுது? அங்குட்டா, இங்குட்டா?"

"ஏதோ ஒட்டியிருக்குன்னு சொல்லுது. மூணு சிப்பும் ஒரே மாதிரி சொல்லுது" என்றார் மேடம். "நான் இதை வச்சு உங்க அரிசி கெட்டதுன்னு சொல்லமாட்டேன். ஆனா நல்லதுன்னும் இப்ப சொல்ல முடியலை. பெரிய லேபுக்கு அனுப்பினா நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா? வியாழக்கிழமை கேட்டை அடைச்சுருவாக, மேடம்!" என்றார் சாத்தையா. பரவாயில்லை, அனுப்பிவிடலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சாத்தையா அப்படி அனுப்புகிறவர் இல்லை. "ஒருதரம் திரும்பி வந்த அரிசியவே இன்னும் என் பொண்டாட்டி சொல்லிக் காமிக்கிறா. தெரிஞ்சே ஏத்தி அனுப்ப மாட்டேன். வண்டியத் திருப்பச் சொல்றேன்."

கண்ணாடிக்கு வெளியே நின்ற போஸுக்கு அவர் கையைச் சுழற்றிக் காட்டினார். போஸ் என்ன, ஏது என்று கையை விரித்தார். கதவைத் திறக்காமலே இரண்டு பேரும் சைகையில் பேசிக்கொண்டார்கள். எழுத வேண்டியதை நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாம்பிராணிதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. கையில் பிடிபடாத புகை, மூன்று சுற்று. அதற்குப் போய் மெஷின் நகருமா? நகராது என்று தேற்றிக்கொண்டேன். நகரும் என்று உள்ளே ஒன்று சொன்னது. அழுக்கைவிடக் குறைந்த தங்கம் இருக்கிற இடத்தில் புகை எவ்வளவு பெரிது! சொன்னால் வேலை போகும். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. வேலை போகாவிட்டாலும், மேடம் குடைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்பார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லீவு சொல்லிவிட்டுப் புதுவயலுக்குப் பஸ் ஏறினேன். எதற்கென்று எனக்கே தெரியாது. லாரி அங்கே இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. நெல் வேகும் வாடை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. ஆலை வாசலில் 'அய்யனார் துணை' தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. போஸ் முன்சக்கரத்தின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"வாங்கண்ணே, நீக அந்த ரூமுல இருந்தவுகதானே? என்ன, உங்க மிசினு அரிசிய விட்டுட்டு இப்ப என்னயச் சோதிக்கச் சொல்லுச்சா?"

"சும்மா இங்குட்டு வந்தேன்."

"சும்மா புதுவயலுக்கு எவன் வருவான்?" சிரித்தார். பிறகு டயரைக் காலால் தட்டினார். "வண்டி நிக்கிறது எனக்குப் பழக்கம்தான். ஆனா ஏத்தின பாரத்தோட நிக்கப்படாதுண்ணே. அடியில இருக்கிற வில்லுப் பட்டையெல்லாம் உக்காந்துரும். தூத்துக்குடியில இறக்கிட்டு அங்கேயே உப்பு லோடு சொல்லிவச்சிருந்தேன். அதுவும் போச்சு. பேங்குக்காரனுக்கு இதெல்லாம் தெரியவா போகுது? டியூ அஞ்சாந்தேதின்னா அஞ்சாந்தேதி." என் முகத்தைப் பார்த்தார். "என்ன, உங்களுக்கு வேர்க்குது? மோரு குடிக்கிறீகளா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே பஸ் திரும்பி வரும்வரை சாலையோரம் நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு நாளா ஏன் இப்படி அலையிறீக? என்னத்தையோ செஞ்சுபுட்டு வந்திருக்கீக." சொன்னேன். முழுவதும் கேட்டாள். "சாமிக்குச் செஞ்சதுக்கு எதுக்குப் பயப்படுறீக? சொல்லாம விட்டதுக்குப் பயப்படுங்க" என்றாள்.

புதன்கிழமை காலை மேடம் வருவதற்கு முன்பே கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய் நின்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சாவி எடுத்துக்கொண்டு வந்தவரிடம் வராண்டாவிலேயே சொல்லிவிட்டேன், தூபக்கால் இருந்த இடத்தையும் காட்டி.

மேடம் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "எத்தனை சுற்று?"

"மூணு."

"தட்டுக்கும் புகைக்கும் எவ்வளவு உயரம்?"

கையை வைத்துக் காட்டினேன், ஒரு சாண்.

"மூடி முழுசாத் திறந்திருந்ததா?"

"ஆமாங்க."

"நோட்டுல இருக்கா?"

"இல்லைங்க."

"எழுதுங்க."

உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். சாண் உயரம், சுற்றின திசை, பர்வீனிடம் சொன்ன பொய், புதுவயல் போனது, எல்லாம். நான் எழுதி முடிப்பதற்குள் பர்வீன் வந்துவிட்டார். மேடம் அவரிடம் ஒன்றும் விளக்காமல், தட்டிலிருந்து அரிசிச் சொட்டே படாத சிப் ஒன்றை எடுத்து மெஷினில் வைக்கச் சொன்னார். இடுக்கியை என்னிடம் கொடுக்கவில்லை. அவரே எடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் கடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கோடு இறங்கியது. பள்ளம் இடது பக்கம் போயிருந்தது. அரிசியே படாத சிப்பில், அரிசி பட்ட சிப்பில் போன அதே தூரம்.

காத்திருந்த நேரத்தில் என் பக்கங்களை வாசித்திருந்த பர்வீன்தான் முதலில் வாய் திறந்தார். "மேடம், நம்ம சிப்புக்கு வேற எது தெரியுதோ இல்லையோ, சாம்பிராணி சூப்பரா தெரியுது." யாரும் சிரிக்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணே தலையைக் குனிந்துகொண்டது.

மேடம் என் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். பிழையைத் திருத்தவில்லை. கீழே ஒரு வரி எழுதினார்: 'விடுமுறைக்குப் பின் வெறும் சிப்பை மறுபடி அளக்காமல் முடிவு சொன்னது என் தவறு.' கையெழுத்துப் போட்டார். சாத்தையாவுக்கு அவரே போன் செய்து, நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, 'எங்கள் அறையில்' என்றார்.

பிரிக்காத வேறொரு தட்டிலிருந்து மூன்று சிப் எடுத்தோம். மத்தியானம் முழுவதும் வெறும் கணக்கு. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து அரிசிச் சொட்டு. பதினொன்றரைக்கு மூன்றாவது சிப்பும் முடிந்தது. பள்ளம் நகரவில்லை. மேடம் மறுபடியும் சாத்தையாவிடம், இது சர்டிபிகேட் இல்லை, ஆனால் திங்கட்கிழமை நான் சொன்னது தவறு என்று சொன்னார். போனில் அந்தப் பக்கம் அவர் "போஸு, எடுறா வண்டிய!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

கேட் மூடுவது ஆறு மணி. லாரி போய்ச் சேர்ந்தது ஆறே முக்கால். வழியில் பாரத்தோடு நின்ற பட்டை ஒன்று முறிந்து, கட்டிக்கொண்டு போயிருக்கிறார் போஸ். நான் செவ்வாய்க்கிழமை மோரைக் குடித்துக்கொண்டே சொல்லியிருந்தால் புதன்கிழமையே வண்டி கிளம்பியிருக்கும். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை.

சாத்தையாவின் அரிசியை அடுத்த கப்பலுக்கு ஏற்றுக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் முறைத்தார்கள், ஆனால் விட்டுப் போகவில்லை. பெரிய லேபின் முடிவும் சுத்தம் என்றே வந்தது. மேடம் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அலமாரியில் ஒட்டச் சொல்லி அந்தக் காகிதத்தை என் கையாலேயே எழுதவைத்தார். விடுமுறை முடிந்தால் வெறும் சிப்பை மறுபடி அளக்க வேண்டும் என்ற சட்டமும் அன்றைக்கு வந்ததுதான். இரண்டு வாரம் கழித்து இடுக்கியைத் திரும்ப என் கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லாமல்.

ஆக எல்லாருக்கும் ஒருவழியாக முடிந்தது, போஸைத் தவிர. புதுவயலில் மூன்று நாள், தூத்துக்குடியில் இரண்டு நாள், ஐந்து நாள் ஏற்றின வண்டி நின்றிருக்கிறது. நின்ற நாளுக்குக் கூலி கேட்டதற்குச் சாத்தையா, "நான் நிறுத்தலப்பா, மிசினு நிறுத்துச்சு" என்றிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் மேடம் கேட்டுப் பார்த்தார். லாரி நின்றதற்குப் பணம் கொடுக்க விதி இல்லை என்று பதில் வந்தது.

மறுபடி புதுவயலுக்குப் பஸ் ஏறிப் போனேன். போஸ் முறிந்த பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நின்ன கூலிய நான் தர்றேன்" என்றேன்.

"நீக எதுக்குண்ணே? நீக என்ன மிசினுக்கு ஓனரா?"

"சாம்பிராணி காட்டினது நான். மிசினுக் கோடு இடது பக்கம் போனது அதனாலதான்."

போஸ் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஆலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "சாம்பிராணியா! நான் தெனமும் என் வண்டிக்குக் காட்டுறேன்ணே, ஒருநாளும் அது இடது பக்கம் இழுத்ததில்லையே!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது. "அன்னைக்கு மோரு வேணாம்னு போனீகளே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

தலையாட்டினேன்.

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். "வேணாம்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு. சொல்ற நெலமையில இல்ல. நாளுக்கு ஆயிரத்து ஐநூறு. கொஞ்சங்கொஞ்சமாக் குடுங்க."

மாதம் ஐந்நூறு வீதம் எட்டு மாதம் கொடுத்தேன். ஒன்பதாவது மாதம் போனபோது வண்டி இல்லை. டியூ கட்ட முடியாமல் பேங்கு எடுத்துக்கொண்டது என்றும், போஸ் திருப்பூர்ப் பக்கம் யாரிடமோ வண்டி ஓட்டப் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். அவர் நம்பரை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது. இன்றும் காலையில் அழைத்துப் பார்த்தேன்.

செல்வராணி, காகிதத்தின் காரணம் இதுதான். அந்தப் பழைய நோட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். அதில் திங்கட்கிழமைப் பக்கத்தில் நான்கு பெயர் இருக்கிறது. மேடத்திடம் கேட்டுவிட்டு ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: போஸ், லாரி டிரைவர், கதவுக்கு வெளியே. அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து ஐநூறு ரூபாய்.